அக்காவின் அரை லிட்டர்

8-11-94, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ரயில்வே கேட் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். அதில் ஒரு திமிங்கிலம் கூடுவாஞ்சேரி நோக்கிப் போனதாக டீக்கடையில் சொன்னேன். யாரும் நம்பவில்லை. கற்பனை வறண்ட ஜனங்கள்.

வாங்க: கேழ்வரகு மாவு, கறுப்பு எள், முருங்கைக் கீரை. பால் கார்டு புதுப்பிக்க.

அக்கா வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. "எலும்பு சல்லடையா இருக்கும்மா. பால், கேழ்வரகு, கீரை, எள்ளு, எல்லாம் தினம் சேத்துக்கணும்" என்றார் எலும்பு டாக்டர். அன்றே தாம்பரம் பேரரசின் சுண்ணாம்புச்சத்துத் துறை அமைச்சராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். முதல் ஆணை: வழக்கமான பாலுக்கு மேல் தினம் ஒரு அரை லிட்டர் பாக்கெட். அக்காவின் எலும்புக்கு மட்டும்.

"பால் குடிச்சியாக்கா?"

"ஆச்சு ஆச்சு. வண்டலூர்ல யானை நிக்குதே, அது என்ன டம்ளர்லயா பால் குடிக்குது? போடா வேலையைப் பாத்துக்கிட்டு."

மத்தியானம் சோற்றுக்குத் தயிர். கத்தியால் வெட்டி எடுக்க வேண்டிய கெட்டி. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்தேன், விழவில்லை. அதன்மேல் இரண்டு மாடி கட்டலாம். கொஞ்ச நாளாகவே அக்காவின் கைக்கு ஒரு தனி மணம் வந்திருக்கிறது.

என் உடம்பைப் பற்றியும் குறித்து வைக்க வேண்டும். தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். ஏணிதான் உடைந்தது.

10-11, வியாழன்

அக்கா விழுந்தாள். துணி துவைக்கிற கல் பக்கம், பாசி. காலை 7.40. சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

ஆட்டோ. குரோம்பேட்டையில் நர்சிங் ஹோம். வலது இடுப்பு. சனிக்கிழமை ஆபரேஷன். கூடுவாஞ்சேரியிலிருந்து அக்கா மகள் வசந்தி வந்துவிட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார். "போன தடவை சொன்னதெல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"தினம் அரை லிட்டர் பால் டாக்டர். அது போக அடை, எள்ளுருண்டை." மார்பை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்படித் தெரியலையே" என்றார். சிலருக்கு உடம்பில் சேராது, பார்க்கலாம் என்றார்.

அக்காவிடம் போய், "என் ஆட்சிக்கே கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டியே" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே, "சாப்பிட்டியாடா?" என்றாள்.

12-11, சனி

ஆபரேஷன் ஆயிற்று. இரண்டரை மணி நேரம். வசந்தி அழுதாள். நான் கான்டீனில் மூன்று வடை தின்றேன். நன்றாக இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

குடை ஒரு கம்பி போய்விட்டது.

15-11, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. நர்சிங் ஹோமில் வசந்தி இருக்கிறாள். வீட்டில் நானே சமையல். ரசம், சுமார். தனி பாக்கெட்டை அக்கா பேருக்கு அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். காப்பிக்குப் போக மீந்த பாலில் நேற்று உறை ஊற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் அடையாறு ஓடுகிறது.

பக்கத்து வீட்டு சரோஜாவிடம் புகார் செய்யப் போனேன். உறை அவள் கொடுத்தது.

"உன் உறை செத்துப்போச்சு சரோஜா. என் தயிர் படகு விடற பதத்துல இருக்கு."

"எவ்ளோ பால்ல ஊத்தினீங்கண்ணா?"

"காப்பிக்குத் தண்ணி விட்டுக் காய்ச்சினதுல மிச்சம்."

"அதுல எப்படித் தோயும்? அக்கா அந்தத் தனி பாக்கெட்டைப் பூராவும் சுண்டக் காய்ச்சி இல்ல ஊத்துவாங்க!"

"அது அவ குடிக்கிற பாலு."

"யாரு, அக்காவா? நல்லாச் சொன்னீங்க போங்க. 'அவனுக்குக் கெட்டித் தயிர் இல்லேன்னா சோறு எறங்காது சரோஜா'ன்னு எங்கிட்டயே எத்தினி வாட்டி சொல்லியிருக்காங்க. அவங்களுக்கு அந்தக் கிண்ணத்தைக் கழுவி ஊத்திக்கிற மோர்தான். தெரியாதா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

கேழ்வரகு அடை: மொறுமொறு ஓரமெல்லாம் நான். நடுவில் வேகாதது அவள்.
எள்ளுருண்டை: நான். ("பல்லுல ஒட்டுதுடா, நீயே தின்னுடு.")
முருங்கைக் கீரைப் பொரியல்: நான், இரண்டு தடவை போட்டுக்கொண்டு.
அகத்திக் கீரை: அக்கா. எனக்குக் கசப்பு ஆகாது.
பால்: நான். தயிர் வேடத்தில்.

ஏணி ஏன் உடைந்தது என்று இப்போது தெரிகிறது.

16-11, புதன்

தயிர்க் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பரண்மேல் வைத்தாயிற்று. மிச்சமிருந்த உறையை வாழைக்கன்றுக்கு ஊற்றினேன். அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. சிரிக்க வைக்க ஏதாவது சொல்லலாம் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போனேன். போய், மழை இல்லை என்றேன்.

24-11, வியாழன்

வெயில். அக்காவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கிறாள். காலை வெயிலில் உட்காரணும், மாத்திரை, பால். வசந்தி ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் சரோஜா வீட்டில் விளக்கு வைக்கும்வரை காத்திருந்தேன். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் உறை கொடுக்க மாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள். அதன் பிறகே தனி பாக்கெட்டை அடுப்பில் ஏற்றினேன். உலக சரித்திரத்தில் இப்படி ஒரு ராஜதந்திரம் நடந்ததில்லை.

பெரிய டம்ளர். நீட்டினேன்.

"இத்தனையுமா? தயிருக்கு எங்கடா?"

"எனக்குத் தயிர் ஆகாதுக்கா. கபம். டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்?"

"உன் டாக்டர்தான்."

"இடுப்பு எலும்பு பாக்கறவரு உன் கபத்தைப் பாத்தாரா?"

டம்ளரை இன்னும் கிட்டே நீட்டினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குடித்தாள். சரியாகப் பாதி. டம்ளரை என் பக்கம் நீட்டினாள்.

"போதும். இதுல உறை ஊத்திடு."

"உறை இல்ல. விளக்கு வெச்சாச்சு, எவளும் தர மாட்டா."

"அப்ப மூடி வை. காலைல மொத வேலையா சரோஜாகிட்ட வாங்கிக்கோ."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வாங்கவில்லை. அவளும் நீட்டிய கையை மடக்கவில்லை. மணிக்கட்டு உடைந்த கை. டம்ளர் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

வாங்கிக்கொண்டேன்.