ஓரத்தில் போட்ட கேள்விக்குறி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். உன் அம்மா என்னைவிட ஒரு பங்கு கூடுதல் நலம், காரணம் உனக்கே தெரியும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி விட்டதா என்று எழுது. தினமும் காலையில் ‘டேக்’ என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லுக்கு ஒரு அர்த்தம் பேசி அவள் போனுக்கு அனுப்புகிறாய். அவளும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து தனக்குத்தானே சிரிக்கிறாள். என்ன சிரிப்பு என்று கேட்டால், ஒண்ணுமில்ல, அது எங்களுக்குள்ள என்கிறாள். எங்களுக்குள்ளயாம்! அச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். எடுப்பது, பிடிப்பது, நேரமாவது, மருந்து சாப்பிடுவது, விமானம் கிளம்புவது, சட்டையைக் கழற்றுவது என்று அந்த ஒரு சொல் போடும் வேஷமெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யார் கேட்டார்கள்? நேற்று மாடி வீட்டு நர்ஸம்மாவிடம் ‘டேக் கேர்’ என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாளே, எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், பொறாமைதான்.

நீ அனுப்புவதையெல்லாம் அவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை எடுத்தேன். கை சும்மா இருக்குமா, சிவப்புப் பென்சிலால் பதினேழு பிழை திருத்தினேன். வந்து பார்த்தாள், அன்றைக்கு என் டீயில் சர்க்கரை இல்லை. அதுகூடப் போகட்டும். கடைசிப் பக்கத்தில் ‘டேக் ஆஃப்டர்’, பெற்றவர் சாயலும் குணமும் பிள்ளைக்கு வருவது என்று எழுதி, கீழே சொந்த வாக்கியமாக ‘மை டாட்டர் டேக்ஸ் ஆஃப்டர் மீ’ என்று போட்டிருக்கிறாள். என் மகள் என்னைப் போலவாம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை பார்த்தேன், ஒரு பிழை கிடைக்கவில்லை. முற்றுப்புள்ளிகூட அதனிடத்தில் இருக்கிறது. ஆனால் படிக்கும்போது காது மடலைத் திருகுவதும், கடைப் பலகையில் பிழை கண்டால் நடுத்தெருவில் நின்றுவிடுவதும் உனக்கு அவளிடமிருந்தா வந்தது? எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுத்தில் பிழையில்லை, விஷயத்தில்தான் சந்தேகம் என்றால் திருத்தக்கூடாது, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவருக்கே அனுப்ப வேண்டும். எழுதியவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் உனக்கு அனுப்புகிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. பதிலை அம்மா போனில் பேசி அனுப்பாதே, கடிதமாக எனக்கு எழுது, ஒரு வரி போதும். அம்மாவைப் போலத்தான் என்றால் எழுதவே எழுதாதே, தபாலில் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன்.

சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்ட,
உன் அப்பா