மகமைக்கு ஒரு கட்டம்

தி.நகர்
10-7-1978

முருகன் துணை.

அன்புள்ள அத்தானுக்கு சுந்தரவல்லி எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முட்டுவலி குறைந்ததா?

நேற்று அண்ணன் வீட்டில் இருந்தது நான்கு பேர்: அண்ணன், நான், கடைகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுத் தரும் தொழிலுக்கு நம் பணத்தைக் கேட்கும் ஜவஹர், அதே தொழிலுக்குக் கேட்கும் மயிலாப்பூர் வேம்பு. ஜவஹர் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகப் புரோகிராம் எழுதுவார். பணம் ஆறு மாதத்தில் திரும்பிவிடும். வேம்பு எல்லாக் கடைக்கும் ஒன்றையே எழுதி விற்பார். மூன்று வருஷம் பொறுக்க வேண்டும், ஆனால் லாபம் பல மடங்கு.

"இதுல மகமைக்கு எங்க இடம், தம்பி?" என்று வேம்புவைக் கேட்டேன்.

"அது என்ன மாமி, புது வரியா?"

அண்ணன் சிரித்துவிட்டார். "யாவாரத்துல சாமிக்கு எடுத்து வைக்கிற பங்குய்யா. அதை எழுதாம எங்காளு எவனும் கணக்கை மூடமாட்டான்."

"கணக்குல ஒரு கட்டத்தைப் பேரில்லாம விடுங்க. அந்தந்தக் கடைக்காரங்க வேணுங்கிற பேரு போட்டுக்கிடட்டும்" என்றேன். வேம்பு உடனே குறித்துக்கொண்டார்.

கணக்குப் பார்த்தால் வேம்புவிடம் போடுவதே சரி. ஆனால் நம் கடையை மறுபடி திறக்கும் பணம் அதுதான். அது திரும்பும்வரை நான் இங்கே அண்ணன் கடை ஆட்களுக்குச் சமைத்துக்கொண்டிருக்க வேண்டும். பதினெட்டு பேருக்குப் பரிமாறிவிட்டுத் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஜவஹர் என்றால் தைக்கு ஊர் வந்துவிடலாம்.

யாராவது வந்தால் கொஞ்சம் கருப்பட்டியும் உங்கள் பழைய துண்டு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். தலையணைக்கு உறை இல்லை.

மூன்று வருஷமா, தையா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

சுந்தரவல்லி