ஒரு விரல் தைலம்

மார்ச் 4

சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே என் மகளும் பேத்தியும் சுகமா? உங்களையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

"பிரசவம் நெருங்குதும்மா, ஏன் வரமாட்டேங்கிற?" என்று மகள் போனில் அழுகிறாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. செய்தவருக்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேத்தி பாடத்தில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். 'ஸ்க்ரவுஞ்ச்'. நீங்கள் அர்த்தத்தோடு நிற்காமல் ஒரு வாக்கியமும் சொன்னீர்கள். அதில் கிராண்ட்மா இருந்தாள், தைலத்துக்குச் சொல்வார்களே, அந்த பாம் இருந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்து, மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டேன். "ஓசியில கறக்கறது பாட்டி" என்றாள்.

கல்யாணப் பந்தலில் நீங்கள் என்னை உட்காரச் சொல்லாததையே நான் இன்னும் மறக்கவில்லை. இதை மறப்பேனா? என் பேத்தி முன்னால் சொன்னதைத் திருத்துங்கள். அதுவரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்

மார்ச் 9

அன்புள்ள சம்பந்திக்கு,

அது வசைச் சொல் அல்ல. பேச்சுவழக்கில், சிநேகிதர்கள் ஒருவரையொருவர் கிண்டலாகச் சொல்வது. ஆனால் தினமும் சாயங்காலம் என் அறைக்கு வந்து, "டீச்சரம்மா, ஒரு விரல் தைலம் குடுங்க" என்று நீங்கள் கேட்டது உண்மைதானே? சொந்தமாக ஒரு பாட்டில் வைத்துக்கொண்டிருக்கலாம். உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, சொல்லிவிட்டேன்.

மருமகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. வாருங்கள்.

டீச்சர்

மார்ச் 14

சம்பந்தியம்மாவுக்கு,

சிநேகிதர்களா? நாம் எப்போது சிநேகிதமானோம்?

என் பாட்டில் அங்கேதான் இருக்கிறது. அலமாரியின் கீழ்த்தட்டில், சீல்கூடப் பிரிக்காமல். போய்ப் பாருங்கள்.

எல்லாரும் வேலைக்குப் போனபின் நீங்கள் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். முதல் நாள் வந்து "என்ன பண்றீங்க?" என்றேன். "படிக்கிறேன்" என்று பக்கத்தைப் புரட்டினீர்கள். மறுநாள் தைலம் கேட்டேன். நகர்ந்து கட்டிலில் இடம் கொடுத்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் போனதைப் பற்றி அன்றுதான் வாய் திறந்தீர்கள். அதனால்தான் அதற்கடுத்த நாளும் கேட்டேன். என்னைப் பெற்றவள் பழக்கம் இது. வாய் மூடி உட்கார்ந்திருப்பவரிடம் எதையாவது கேட்டு வாங்குவாள்.

இதற்கு இங்கிலீஷில் என்ன சொல்? அதைப் பேத்திக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் இறங்கி வரமாட்டேன். மகளை இங்கே அனுப்பிவையுங்கள்.

மருமகளைப் பெற்றவள்

மார்ச் 19

அன்புள்ள சம்பந்திக்கு,

இந்த நிலையில் அவளை டாக்டர் பயணம் செய்ய விடமாட்டார்.

பாட்டில் இருந்தது. உங்களைக் கேட்காமல் பிரித்துவிட்டேன். இப்போது சாயங்காலம் யாரும் கதவைத் தட்டுவதில்லை.

நீங்கள் கேட்ட சொல் எனக்குத் தெரியவில்லை. அதே சொல்லில்தான் பேத்திக்குப் புது வாக்கியம் சொன்னேன். "டீச்சர் பாட்டி, அந்தப் பாட்டியோட தைலத்தை ஸ்க்ரவுஞ்ச் பண்றா." சிரித்தாள். இந்தமுறை என்னைப் பார்த்து.

டீச்சர்

மார்ச் 23

சம்பந்தியம்மாவுக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன், மகளுக்காக. மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கல்யாணப் பந்தல் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

என் பாட்டிலை எடுத்த இடத்தில் வையுங்கள். வேண்டுமானால் சாயங்காலம் என் அறைக்கு வந்து, வாய் திறந்து கேளுங்கள்.

பாட்டிலுக்குச் சொந்தக்காரி