‘ஓம்’ என்று போட்டிருக்கிறேன், அம்மா

துறைமுகத்துக்கே சோறு போட்டுவிட்டு வீட்டில் கடைசி ஆளாகச் சாப்பிட்ட என் அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம். உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அதை ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். ஊரும் வாசிக்கட்டும். வருகிற வருடமும் எங்கள் பிள்ளைகள் யாராவது, நான் நிரப்பிய அதே கல்லூரிப் படிவத்துக்கு முன்னால் இருப்பார்கள்.

அமெரிக்காவில் கல்லூரி இடம் கிடைத்தும் நான் போகாததற்கு விசா காரணமில்லை. விசா இழுபடுகிறது என்று நான் சொன்னதை நம்பி வெருகல் முருகனுக்கு நேர்த்தி வைத்தீர்கள். பாவம், அவர் என்ன செய்வார்? நான் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

அந்தப் பின்னேரம் நினைவிருக்கிறதா? நீங்கள் குசினியில் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற அடுத்த நாள் சோற்றுப் பார்சலுக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கதிரையில் உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினேன். படிப்புச் செலவுக்கு உதவி கேட்கப் போகிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். என்னவாம் என்று நீங்கள் கேட்க, அவசரத்தில் வாயில் வந்த சொல்லைச் சொன்னேன்.

“நிவாரணம் வேணுமோ எண்டு கேக்கினம்.”

உங்கள் கையில் கத்தி அப்படியே நின்றது. “நிவாரணத்துக்கு வரிசையில நிண்டது காணும் பிள்ளை, இனி வேண்டாம். இல்லை எண்டு போடு.”

உலகத்தில் வேறு சொல்லா இல்லை? அந்தச் சொல்லை உங்களிடம் சொல்லியிருக்கவே கூடாது. சண்டையில் ஈச்சிலம்பற்றிலிருந்து இடம்பெயர்ந்து, கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு முகாமுக்கு வந்த கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். ஒரு வாளியும் ஒரு பாயும் தந்துவிட்டு, அவற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்களாம். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கக்கூட நீங்கள் போனதில்லை.

டவுனில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிற ஆசிரியர், எங்கள் சேர், அவரும் ‘இல்லை’ என்றே போடச் சொன்னார். அவர் சொன்ன காரணம் பொய்யில்லை. வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் பல கல்லூரிகளில் இடம் கிடைப்பது கடினம். உதவி கேட்டதைப் பார்க்காமல் பிள்ளையை மட்டும் பார்த்து எடுக்கிற கல்லூரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அங்கே உலகமே முண்டியடிக்கிறது. முதலில் உள்ளே போங்கள், பிறகு கேட்கலாம் என்றார். அந்தப் ‘பிறகு’தான் என்னைக் கவிழ்த்தது.

இடம் கிடைத்தது. மகள் அமெரிக்கா போகிறாள் என்று அன்று ஒவ்வொரு சோற்றுப் பார்சலோடும் இனிப்பாக ஒரு துண்டு தொதல் கொடுத்தீர்கள். கல்லூரியின் அடுத்த கடிதத்தில், செலவைக் கட்ட வசதி இருக்கிறது என்பதற்கு வங்கிக் கடிதம் கேட்டார்கள். நான் வீட்டு நிலைமையை எழுதினேன். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: விண்ணப்பத்தில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு எந்த வருடமும் உதவி தர ஏலாது. கேட்கவில்லை என்று போட்ட கை என்னுடைய கைதானே.

ஆனாலும் எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது, அம்மா. அந்தத் தொதலைப் பார்த்த பிறகு கோபத்தைக் காட்ட ஏலவில்லை. அதனால்தான் விசா என்றேன். இரண்டு மாதத்தில் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. மிச்சக் கோபத்தை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குத் துறைமுகத்து ஆட்கள் வந்தார்கள். கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிற நஸீர் நானா உங்கள் படத்தைப் பார்த்தபடி நின்று ஒரு கதை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருக்கு ஒரு பார்சல் சோறு போதவில்லையாம். கேட்க வெட்கப்பட்டு, வெறும் பார்சல் தாளை மடித்தாராம். நீங்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏசினீர்களாம்.

“வாய் இருக்குத்தானே தம்பி? கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?”

அதைச் சொல்லி அவர் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்படியென்றால் ஊருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? கேட்டவர்களில் ஒருவரையாவது நீங்கள் குறைவாகப் பார்த்தீர்களா? பிறகு ஏன் உங்களை மட்டும் அப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? வாளியைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னவர்கள் அல்லவா வெட்கப்பட்டிருக்க வேண்டும்?

இந்த முறை ஒன்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். ஒன்பதிலும் ஓம். சேர் தலையில் கைவைத்துவிட்டார். உங்கள் சான்ஸை நீங்களே குறைக்கிறீர்கள் என்றார். குறையட்டும் சேர், போக ஏலாத இடம் கிடைத்து நான் அதைக் கண்ணாடி போட்டு மாட்டவா என்று கேட்டேன்.

உதவி கேட்டால் வீட்டு நிலைமையைக் கேட்டு நீளமாக இன்னொரு படிவம் வரும். மீன்பிடிப் படகிலிருந்து வந்த அப்பா கை கழுவிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். தாயின் தொழில் என்ற இடத்தில் ‘சமையல்’ என்று போடச் சொன்னார். ‘துறைமுகத்தில் சொந்த உணவு வியாபாரம்’ என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் ‘காலமானார்’ என்றும் எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நெடுநேரம் எடுத்தது. அப்பா ஒப்பம் வைத்துவிட்டு, “அவள் இருந்தா இதுக்கு விட்டிருக்கமாட்டாள்” என்றார்.

“விட்டிருப்பா அப்பா. ஏசிப்போட்டு விட்டிருப்பா” என்றேன்.

விட்டிருப்பீர்கள்தானே?

இதுவரை இரண்டு கல்லூரிகள் இல்லை என்றுவிட்டன. ஏழு மிச்சம். எங்காவது இடமும் உதவியும் சேர்ந்து கிடைத்து, உதவி பெற்ற மாணவி என்று யாராவது படம் எடுக்க வந்தால், எனக்குச் சிரிப்பு வந்தால் சிரிப்பேன். யாரும் சொல்லிச் சிரிக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஒன்பதும் இல்லை என்றாலும் அடுத்த வருடம் திரும்பவும் கேட்பேன். குறைந்து போகமாட்டேன், அம்மா.

கேட்க வாயுள்ள உங்கள் மூத்த மகள்,
தர்சிகா