ரோஜரின் தட்டு

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ரோஜருக்குச் சோறு வைத்தேன். தட்டுக்குப் பக்கத்தில் சிந்திக் கிடந்ததை அள்ள ஆஷ்லின் குனிந்தாள். ஒரு உறுமல், அடுத்த நொடி கையைக் கவ்விவிட்டான். ரத்தம். ஊசி போட்டுக் கூட்டி வந்தேன்.

கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. நான் குட்டியிலிருந்து வளர்த்த நாய், என் பெண்டாட்டியைக் கடித்திருக்கிறது. அம்மா தட்டைப் பிடுங்கிக்கொண்டு, விளக்குமாற்றால் நாலு போடு போட்டார். "இனிமே உறுமுவியா? உறுமுவியா?"

ஜனவரி 20

மலையாண்டியிடம் பேசினேன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. "கல்லுப்பட்டியில நம்ம தோட்டம் சும்மாதானே கெடக்கு மாப்ள, கொண்டாந்து விடு" என்றான். வருகிற ஞாயிறு என்று முடிவு செய்தோம்.

ஆஷ்லின் நிம்மதியடைவாள் என்று நினைத்தேன்.

"அங்க போயி யாரக் கடிக்கும்? மலையாண்டி அண்ணனோட பிள்ளைகளையா?"

அவளே தொடர்ந்தாள்.

"கடி வாங்குனது நானு. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோங்க."

இவளுக்குப் பயமே கிடையாதா?

ஜனவரி 22

கால்நடை டாக்டர் தீப்தி பல், காது, வயிறு எல்லாம் பார்த்தார். வலி எதுவும் இல்லையாம். அம்மா அடித்ததைச் சொன்னேன். "அடிக்காதீங்க. உறுமல்னா 'தள்ளிப் போ'ன்னு அது நமக்குச் சொல்றது. அதை அடிச்சு அடக்கினா, அப்புறம் சொல்லாமலே கடிக்கும்."

தட்டைப் பிடுங்கவும் கூடாதாம். யாராவது கிட்டே வந்தால் சோறு போய்விடும் என்ற பயம்தான் அவனுக்கு. ஆள் வந்தால் கூடக் கொஞ்சம் கிடைக்கும் என்று அவனுக்குப் புரிய வேண்டும். இத்தனை வருஷம் வளர்த்த எனக்குக் கேட்கத் தோன்றாததையெல்லாம் ஆஷ்லின் கேட்டாள்.

ஜனவரி 23

தட்டு கொல்லைப்புற மூலைக்குப் போனது. ஆஷ்லின் துவைக்கிற கல்லருகே நின்று, அவித்த முட்டைத் துண்டு ஒன்றை அவன் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நிமிர்ந்து பார்த்தான். தின்றான். இன்றைக்கு அவ்வளவுதானாம்.

எறியும்போது அவள் மறு கை கல்லை இறுகப் பிடித்திருந்தது. பார்த்தேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. அதோடுதான் நிற்கிறாள்.

ஜனவரி 26

மலையாண்டிக்குப் போன் போட்டு, வரவில்லை என்றேன். "தங்கச்சி வேண்டாம்னுருச்சா?" என்று சிரித்தான். ஆமாடா.

பிப்ரவரி 8

இன்றைக்கு மறுபடியும் உறுமல். தப்பு என்னுடையது. நல்லாத்தானே இருக்கான் என்று ரொம்பக் கிட்டே போய்விட்டேன். கத்த வாயெடுத்தேன், ஆஷ்லின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். "விடுங்க. நாளைக்குத் துவைக்கிற கல்லுல இருந்தே திரும்ப ஆரம்பிப்போம்."

ஒரு சலிப்பு? ஒரு முகச்சுளிப்பு? ம்ஹும். நானா இருந்தா எப்பவோ விட்ருப்பேன்.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "நாய்க்கு முட்டை, நமக்கு வெறும் ரசமா?"

"ரசத்துலயும் ஒரு முட்டைய உடைச்சு ஊத்திரவா அத்தை?"

அம்மா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மார்ச் 2, ஞாயிறு

ஆஷ்லின் தட்டை ஒட்டியே நடந்து போனாள். ரோஜர் தலையைத் தூக்கினான் — வால் ஆடுகிறது! சோறு தட்டில் கிடக்க, அவளைப் பார்த்து ஆடுகிறது.

உள்ளே வந்து அடுப்படியில் நின்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாள், அதுவும் குரலை உயர்த்தாமல்.

மார்ச் 15

தெருவில் கோழி எலும்பைக் கவ்விவிட்டான்; ஆஷ்லின் "குடு" என்றாள், போட்டுவிட்டு அவள் கையிலிருந்த கறித்துண்டுக்கு ஓடி வந்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆஷ்லின் திண்டுக்கல்லில், அவள் அம்மா வீட்டில். காலையில் நான்தான் சோறு வைத்தேன். துணியெடுக்க வந்த அம்மா, கவனிக்காமல் தட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். ரோஜர் விறைத்தான். உறுமினான்.

அம்மா அசையவில்லை. அப்புறம் மெல்லப் பின்னால் நகர்ந்தார்.

"சரிடா, சரிடா. உன் சோறுதான். நான் போறேன்."

சற்று நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல். "ஜோ, அவ எம்புட்டு தூரத்துல இருந்துடா போடுவா? முட்டைய முழுசா போடணுமா, பிச்சுப் போடணுமா?"

ஆஷ்லினுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன்.

"போனை அத்தைகிட்ட குடுங்க" என்றாள்.