பன்னிரண்டாம் பக்கம் இல்லாத புத்தகம்

ஆகஸ்ட் 7, திங்கள்

வாய் மூடி இருந்தது போதும். இருபத்திரண்டு வருடம். இனி எழுதியாவது வைக்க வேண்டும்.

டைரி போன வருடத்தது, அச்சகத்தில் மிஞ்சியது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு ஒன்று தள்ளி எழுதிக்கொள்கிறேன். (யார் படிக்கப் போகிறார்கள்?)

காலை ஏழுக்கே வெயில். சிவகாசியிலிருந்து பள்ளிக்குப் பஸ்ஸில் நின்றபடி. பட்டாசுக் கம்பெனி வேன்கள் முந்திக்கொண்டு போயின. தீபாவளி சீசன், ஒவ்வொன்றிலும் ஆள் பிதுங்குகிறது.

தலைமை ஆசிரியர் (இனி த.ஆ.; முழுசாக எழுத மனம் இல்லை; என்னைவிட நான்கு வயது இளையவர்) அறிவித்தார்: வெள்ளிக்கிழமை அதிகாரி வருகை. ஐந்தாம் வகுப்புக்கு வாசிப்புச் சோதனை. ஐந்தாம் வகுப்பு என்றால் நான்.

முப்பத்தொரு பேரில் எட்டுப் பேருக்கு வாசிக்க வராது. அவர்களுக்காகத்தான் நான்கு மணிக்கு மேல் தனி வகுப்பு. வாசிக்கத் தெரியாதவர் பட்டியல் இருக்கும்வரைதான் அதற்கு அனுமதி.

வாங்க: சாக்பீஸ், பி.பி. மாத்திரை, நல்லெண்ணெய்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

புழுக்கம். மழை வரும் போல இருந்து வரவில்லை.

சாயங்கால வகுப்புக்கு எட்டு பேரும் வந்தார்கள். பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இங்கே எல்லாப் பிள்ளைகளின் நோட்டுக்கும் அட்டை அச்சகக் கழிவுத் தாள்தான்: வண்ணம் விலகிய பட்டாசு லேபிள், ஒரு தாளில் முப்பது. அதையே வாசிக்கச் சொன்னேன்.

பேச்சியம்மாள் ஒரே மூச்சில், "கிளி வெடி!"

கிளிப் படத்தைக் கையால் மறைத்தேன்.

"சார், கைய எடுங்க. கிளியப் பாக்காம எப்பிடிச் சார் வாசிக்க?"

எட்டு பேரும் சிரித்தார்கள். நானும். பிறகு அவள் விரல் வைத்து, "த... ரை... ச்... சக்... கரம்." நிமிர்ந்து பார்த்தாள். "இம்புட்டு நாளா கிளி ஏமாத்திருச்சே சார்!"

மூன்று வாரத்தில் இது முதல் சொல். டிசம்பருக்குள் ஒரு பத்தி வாசிப்பாள். வாசிக்க வைத்துவிடுவேன். ஐந்தோடு நிறுத்தினால் அதன்பின் அவளுக்கு எழுத்து கிடையாது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.  

ஆகஸ்ட் 9, புதன்

பீரோவைத் திறந்தார் த.ஆ. போன வருடத்துக்குப் பின் முதல் முறை.

போன வருடம் வகுப்புக்கு வாங்கித் தரக் கேட்டு நான் கொடுத்த புத்தகப் பட்டியல் இன்னும் மனப்பாடம். இருபது புத்தகம், மெலிதானவை. பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, கோழி, பஸ், மழை. வந்தது ஒரே ஒழுக்கக் கதைப் புத்தகம், அறுபது பிரதி, கொசு அளவு எழுத்து. ஓர் அச்சக முதலாளியின் அன்பளிப்பு. பைண்டிங்கில் ஒரு பாரம் (பதினாறு பக்க மடிப்பு) விட்டுப்போய் விற்க முடியாமல் போனவை பல. எட்டாம் பக்கத்துக்கு அடுத்து இருபத்தைந்து. அப்போதே சொன்னேன்.

"தானம் வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்காதீக சார்" என்றார் த.ஆ. பிள்ளைகள் தொட்டால் அழுக்காகும் என்று பூட்டினார். நான் எம்.ஏ. தமிழ். பல்லைப் பார்க்க நான் யார்?

இன்று அவருடைய ஏற்பாடு: தம்மிடம் இருக்கும் நல்ல பிரதியிலிருந்து பன்னிரண்டாம் பக்கம் கரும்பலகையில். எட்டு பேரும் மனப்பாடம் செய்ய வேண்டும். "வைகறையில் துயிலெழும் சிறுவன் வாழ்வில் ஏற்றம் பெறுவான்..." இப்படி ஒன்பது வரி.

"வைகறைன்னா என்ன சார்?" என்றாள் பேச்சி.

"ஒங்க அம்மாவ வேன்காரன் ஆரன் அடிச்சுக் கூப்பிடுற நேரம்" என்றேன்.

"அப்ப எங்கம்மா ஏற்றம் பெற்றுட்டாளா சார்?"

கரும்பலகையில் அடுத்த வரிக்குப் போனேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கையெழுத்துப் போட்டேன்.

"ஐந்தாம் வகுப்பு மாணவர் அனைவரும் சரளமாக வாசிக்கின்றனர்." கீழே வகுப்பு ஆசிரியர் என்று கோடு. பேனாவையும் த.ஆ.வே நீட்டினார்.

"எட்டு பேருன்னு எழுதுனா கேவலம் எனக்கா, ஒங்களுக்கா? செப்டம்பர்ல பதவி உயர்வுப் பட்டியல் வருதுல்ல? பாத்துக்கிடுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாக்கியம் தயாராக இருந்தது. இரண்டு முறை பட்டியலில் என் பெயர் அடிக்கப்பட்டு, மூன்றாம் முறை விடுபட்டுப்போன பதவி. கை தானாக எழுதியது என்று எழுதத்தான் ஆசை. தானாக எழுதவில்லை.

மதியம் தூரத்தில் ஒரு சத்தம். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடவில்லை. யார் அம்மா எந்தக் கம்பெனி என்று முணுமுணுத்துக்கொண்டார்கள். கல் குவாரி வெடி என்று பிறகு தெரிந்தது. அதுவரை கால்மணி நேரம் யாரும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

அதிகாரி 11.20-க்கு வந்தார். பன்னீர் சோடா. வாசிக்க வரும் இருபத்து மூன்று பேருக்குப் பின், எட்டில் ஏழு பேர் த.ஆ.வின் நல்ல பிரதியைக் கைமாற்றி "வாசித்தார்கள்". பேச்சியின் முறை வந்தபோது அதிகாரி தானே பீரோவிலிருந்து ஒரு பிரதியை உருவிக் கொடுத்தார்.

"பன்னெண்டாம் பக்கம் வாசிம்மா" என்றார் த.ஆ. அவசரமாக.

புரட்டினாள். எட்டு. இருபத்தைந்து. மறுபடி பின்னால் போனாள். எட்டு. என்னைப் பார்த்தாள்.

நான் என் செருப்பைப் பார்த்தேன்.

யானைப் படம் போட்ட ஏதோ ஒரு பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, வைகறையில் தொடங்கி ஒன்பது வரியும் ஒப்பித்தாள். விரல் யானைப் பக்கத்து வரிகளின் கீழே ஒழுங்காக நகர்ந்தது. வரி முடிந்ததும் இடப்பக்கம் திரும்பியது. அதிகாரி அவள் முகத்தைத்தான் பார்த்தார், புத்தகத்தை அல்ல. "மிக நன்று" என்று எழுதினார்.

வெளியே வந்து கேட்டாள்: "பன்னெண்டே இல்ல சார் அந்தப் பொஸ்தகத்துல. நான் என்ன செய்ய?"

"நல்லாத்தான் செஞ்ச" என்றேன். அட பாவி.

ஆகஸ்ட் 14, திங்கள்

சாயங்காலம் ஐந்து பேர்தான். பேச்சி இல்லை.

தாயில்பட்டி சாலையிலிருந்து உள்ளே அவள் வீடு; தேடிப் போனேன். அம்மா வேனிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தாள், கையெல்லாம் வெள்ளிப் பவுடர். பேச்சி உள்ளே பட்டாசுக் குழாய்க்குத் தாள் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். காப்பி குடிக்கீகளா?"

"பிள்ளைய ஏன் அனுப்பல?"

"ஆபீசரே சொல்லிட்டாராமே, எம்மக தண்ணி பட்ட பாடா வாசிக்கான்னு. பொறவு எதுக்கு அந்த ஒரு மணி நேரம்? இங்கன ஆர்டர் கெடக்கு."

"அவளுக்கு வாசிக்க வராதும்மா."

சிரித்துவிட்டாள். "நீங்கதான கையெழுத்துப் போட்டீகளாம்? எட்மாஸ்டரு சொன்னாரு. வராதுங்கீக, வரும்ங்கீக. எத நம்ப?"

"கம்பெனி வாசல்ல எழுதிப் போட்டிருக்கிறதையாவது அவ படிக்க வேண்டாமா?"

"நான் அந்த போர்டு படிக்காமத்தான் பதினஞ்சு வருசம் போய்ட்டு வாரேன். ஆனா அவ அங்க வர வேண்டாம்னுதான் சார் பள்ளிக்கொடம் அனுப்புதேன். வாசிக்கத் தெரிஞ்சுட்டா போதும்னு இருந்தேன். தெரிஞ்சுட்டுன்னீக."

காப்பி குடித்தேன். 

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். தூறல். ஆரஞ்சு மிட்டாய்.

த.ஆ. ஒலிபெருக்கியில்: "நம்ம பள்ளியில வாசிக்கத் தெரியாத பிள்ளையே இல்ல!" கைதட்டல். பேச்சியும் தட்டினாள். சாயங்கால வகுப்பு நாளை முதல் கிடையாது. உத்தரவு, இரண்டு வரி.

பி.பி. மாத்திரை வாங்க மறந்தது ஒரு வாரமாக.

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் த.ஆ. மேல்தான் குற்றம். வியாழக்கிழமையைத் தவிர.

ஆகஸ்ட் 16, புதன்

விடுப்பு. வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லியாயிற்று.

சூலக்கரைக்கு, மாவட்ட ஆட்சியருக்கு, மனு. மூன்று முறை கிழித்து நான்காவது நின்றது. என் கையெழுத்து பள்ளி இருக்கும் ஊரில் எல்லோருக்கும் தெரியும், இருபத்திரண்டு வருடம் கரும்பலகையில் பார்த்ததுதானே. டைப் அடிக்கும் கடையில் கொடுத்தால் த.ஆ.வின் மைத்துனன் காதுக்குப் போகும். ஆகவே முதல் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக, விட்டு விட்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். பேச்சிக்கு ஒரு வரி எவ்வளவு தூரம் என்று இப்போது தெரிகிறது.

எழுதியவை: எட்டு பேருக்கு வாசிக்க வராது. ஒப்பித்தார்கள். மறுபடி சோதிக்க வேண்டும், வேறு புத்தகத்தில், வேறு பக்கத்தில். சாயங்கால வகுப்பு திரும்ப வேண்டும். பிள்ளைகள் பெயர் எழுதவில்லை. வீட்டில் தாள் உருட்டுவதும் எழுதவில்லை.

கடைசியில் ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம். பிறகு எழுதினேன்: "பொய் என்று தெரிந்தே சான்றிதழில் ஒப்பமிட்டவர் வகுப்பு ஆசிரியர்." யாரோ என்னைக் காட்டிக்கொடுப்பது போல என் பெயர், இன்ஷியலோடு, பள்ளியின் பெயரோடு. செப்டம்பர் பட்டியல் இதோடு சரி.

பீரோவிலிருந்து நேற்றுக் கொண்டுவந்த பிரதி ஒன்று கூடவே போகிறது. எட்டு, அப்புறம் இருபத்தைந்து. திறந்தால் தெரியும்.

உறை ஒட்டியாயிற்று. அனுப்புநர் இடம் காலி. கீழே கையெழுத்து கிடையாது. ஒரு முறை போட்டதே போதும். நான்கு மணித் தபால் எடுக்கும் முன் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.