மதிள் என்றே எழுதுவோம்

திரு ஓங்குக. எண்டிசையும் குடைநிழல் விரித்து வீற்றிருக்கும் மேலெயில் பேரரசர் கதிர்மாவேளின் திருமுன்பு, பரவைநாடு காக்கும் சேந்தங்கோமான் விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மாரி பொய்யாதிருக்க, களஞ்சியம் குறையாதிருக்க.

எம் அவையில் ஓலை எழுதும் குவளைநாச்சியின் எழுத்தாணியைப் பறித்து அனுப்புமாறு தங்கள் ஓலைநாயகம் விழுப்பரையர் பணித்துள்ளார். அவள் செய்த குற்றம் இன்னதென்று தங்களுக்கு உரைத்திருக்க மாட்டார். யாம் உரைக்கின்றோம்.

ஐப்பசியில் கடல் பொங்கி எம் துறைமுக மதிளின் கீழ்ப்புறம் சரிந்தது. அதை மீளக் கட்டக் கற்றச்சரை விரைந்து அனுப்பியருள வேண்டுமென்று, நனைந்த சேலையோடே குவளைநாச்சி எழுதினாள். பதினெட்டு நாள் சென்றும் தச்சர் எவரும் வரவில்லை. அவள் ஓலையே விழுப்பரையர் இட்ட செங்குறிகளோடு திரும்பி வந்தது. 'கற்கள் சரிந்தது' என்றது பிழை, 'சரிந்தன' என்க என்றது ஒரு குறி. 'மதிள்' பிழை, 'மதில்' என்று திருத்தி மீண்டும் விடுக்க என்றது மற்றொன்று. முதலாவதைக் கண்டு அவள் நாணினாள். அவசரத்தில் கை தவறியது மெய்யென்று ஒப்பி அப்போதே திருத்தினாள். இரண்டாவதைத் தொடவில்லை.

ஓரெழுத்துத்தானே, மாற்றிவிடுக என்று யாமே வேண்டினோம். அதற்கவள், எம் கல்வெட்டிலும் காணியோலையிலும் மதிள் என்றே உள்ளதென்றும், இன்று அதைப் பிழையென்று ஒப்பினால் நாளை அவையெல்லாம் பிழையோலைகளாகி, மதிளோரத்துக் குடிகளின் மனையுரிமைகள் செல்லாதனவாகுமென்றும் தலை தாழ்த்தாமல் சொன்னாள். அவள் எழுதியவாறே ஓலை மீண்டும் சென்றது.

அது தலைநகர் சேருமுன்னே எஞ்சிய மதிளும் விழுந்து, ஏழு வீடுகளைக் கடல் கொண்டது. அவற்றுள் ஒன்று அவளுடையது. வலைஞரும் உப்பளத்தாரும் கல் சுமந்து உடைப்பை அடைக்க, அவளும் இடுப்பளவு நீரில் நின்று மண்கூடை வாங்கினாள். கை காயுமுன்னர் வந்தது, எழுத்தாணியைக் கேட்கும் தங்கள் ஓலைநாயகத்தின் ஆணை.

ஆதலின் அறிக. பிழையைச் சுட்டினால் தலைவணங்கித் திருத்துவோம். எம் நாட்டு வழக்கைப் பிழையென்றால் திருத்தோம். எழுத்தாணி வாராது. இவ்வோலையைச் செங்குறியிட்டுத் திருப்பினால் எம் எல்லைக் காவலர் கைநீட்டி வாங்கார். கற்றச்சரை அனுப்பினால் வாயிலில் நின்று யாமே வரவேற்போம்.

அலை ஓயுமளவும் இச்சொல் மாறாது. இது சேந்தங்கோமான் சுறாமுத்திரை.

இவ்வோலை பிழையற எழுதினேன், பரவைநாட்டுக் குவளைநாச்சி.